பெரிய குடும்பத்தோடு முதல் கப்பல் பயணம்: சிங்கப்பூரில் ஏறுகிறவர்களுக்கு

தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டார், பேரப்பிள்ளைகள் என்று பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து, சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பக்கம் போய்வரும் சொகுசுக் கப்பலில் ஏற நினைக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பில் வந்தது. விவரங்கள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. இந்தியப் பாஸ்போர்ட், தமிழ்ப் பெயர், எண்பதை நெருங்கும் முதியவர் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்து யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கான பணம் முழுவதையும் கட்டி முடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆன பிறகுதான் சிங்கப்பூர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் காலமே வரும். இந்த வரிசை புரிந்துவிட்டால், கீழே வரும் எச்சரிக்கைகளில் பாதிக்குக் காரணம் தானாக விளங்கும்.

1. எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் மேசைமேல் வையுங்கள்

எந்தக் கப்பல், எந்த மாதம் என்ற பேச்சுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் கையில் வாங்கி, பெயர், பிறந்த தேதி, எண், காலாவதியாகும் தேதி ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். "இருக்கிறது, இன்னும் வருஷம் இருக்கிறது" என்று தொலைபேசியில் சொல்வதை ஏற்காதீர்கள். திரும்பி வரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். ஐந்து மாதமும் இருபது நாளும் இருந்தால் துறைமுகத்தில் ஏற்ற மாட்டார்கள்.

அதிகம் சிக்குவது குழந்தைகளின் பாஸ்போர்ட்தான். பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு என்பது பழகிப் போயிருப்பதால், பிள்ளைகளுக்கு ஐந்து ஆண்டுதான் என்பது மறந்துபோகிறது. இரண்டு வயதில் எடுத்தது ஏழு வயதில் முடிந்துவிடும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், சிறுவர்களுக்கு 1,000 ரூபாய் கட்டணம். தட்கல் என்றால் மேலும் 2,000 ரூபாய். ஏழெட்டு மாதம் முன்பே பார்த்துவிட்டால் தட்கலுக்கே வேலையில்லை.

அடுத்தது பெயர். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும்; அல்லது அப்பாவின் பெயர் அங்கே இருக்கும்; அல்லது இனிஷியல் விரிந்து முழுப் பெயரோடு ஒட்டியிருக்கும். கப்பல் படிவமும் விமானப் படிவமும் இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். கட்டம் காலியாக உள்ளவர்களுக்கு என்ன எழுத வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடமும் விமான நிறுவனத்திடமும் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள். முகவர் தானாக ஓர் இனிஷியலைச் சேர்த்தோ, ஆதாரில் உள்ள பெயரைப் பார்த்தோ எழுதிவிடக் கூடாது. முழுப் பணம் கட்டிய பிறகு பெயர் திருத்துவதற்குப் பல இடங்களில் கட்டணம் உண்டு.

பயணத்துக்குத் தகுதி இல்லாதவர்கள் யார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பெரிய கப்பல் நிறுவனங்கள் பொதுவாக ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்றுவதில்லை. கர்ப்பிணிகள் பயணத்தின் எந்த நாளிலும் 24ஆவது வாரத்தைத் தொட்டிருக்கக் கூடாது. முன்பதிவு நாளில் எத்தனை வாரம் என்று யாரும் பார்க்கப் போவதில்லை, திரும்பும் நாளில் எத்தனை வாரம் என்பதே கணக்கு. புதிதாகத் திருமணமானவர்கள் குடும்பத்தில் இருந்தால் இதைப் பக்குவமாக ஒருவர் அவர்களிடம் சொல்லி வைப்பது நல்லது.

அப்பா அம்மா வராமல் தாத்தா பாட்டியோடோ மாமாவோடோ வரும் பிள்ளை இருந்தால், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம் வேண்டும். பிறப்புச் சான்றிதழின் நகலையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

2. தேதியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

நமக்கு வசதி ஏப்ரல், மே விடுமுறை. ஆனால் புக்கெட் இருக்கும் அந்தமான் கடலோரத்தில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அங்கே பெரிய கப்பல்கள் பெரும்பாலும் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளைக் கரை சேர்க்கின்றன. கடல் கொந்தளித்தால் அந்தப் படகு ஓடாது. கப்பல் புக்கெட்டை விட்டுவிட்டுப் போகவும் செய்யும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இடையிலான மலாக்கா நீரிணை ஆண்டில் பெரும்பாலான நாட்கள் அமைதியானதுதான்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை ஜூனிலும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் முடியவும் வரும். அப்போது கட்டணம் ஏறும், மூன்று நான்கு பேர் தங்கும் கேபின்கள் முதலில் தீரும். பிள்ளைகளுக்கு ஒரு வாரம் விடுப்பு எடுக்க முடிந்தால் ஜனவரி பிற்பகுதி அல்லது பிப்ரவரியைத்தான் நான் சொல்வேன். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு மூன்று அல்லது நான்கு இரவுகள் போதும். சில கப்பல்கள் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலிலேயே சுற்றித் திரும்பும். பதிவு செய்யும் முன் பயணத் திட்டத்தில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இனி காலக்கணக்கு. எட்டு மாதம் முன்பு பாஸ்போர்ட். ஏழு மாதம் முன்பு கேபின் பதிவும் முன்பணமும். பல நிறுவனங்களில் 75 முதல் 90 நாட்களுக்கு முன் முழுப் பணம். சிங்கப்பூர் விசா வருகைக்கு முந்தைய 30 நாட்களுக்குள். வருகை அட்டை கடைசி மூன்று நாட்களில். முழுப் பணம் கட்டும் நாளுக்குப் பிறகு யார் விலகினாலும் பெரும் பகுதி திரும்பி வராது. நாள் நெருங்க நெருங்க ஒன்றும் வராது. ஆகவே "பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுக்கும் உறவினருக்கு அந்த நாளையே கடைசி நாளாகச் சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் இன்னும் நல்லது.

3. கேபின்: முழுக் கவனமும் இங்கே வேண்டும்

கேபின் நான்கு வகை. சன்னல் இல்லாத உள் கேபின், கடல் தெரியும் சன்னல் கேபின், பால்கனி கேபின், சூட் எனப்படும் பெரிய கேபின். நான்கு பேருக்கு ஒரே கேபின் எடுத்தால் மலிவு என்று தோன்றும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு என்பது உண்மை. ஆனால் அவர்கள் படுப்பது சோபாவை விரித்த படுக்கையிலோ, மேலிருந்து இறங்கும் தொங்கு படுக்கையிலோதான். ஏணி வைத்து ஏற வேண்டும். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஏறுவார்கள்; அறுபது வயது அத்தைக்கு அது சரிவராது. ஒரே குளியலறையில் நான்கு பேர் காலையில் தயாராவதையும் நினைத்துப் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் பெரியவர்கள் இருவருக்கு ஒரு கேபின், பெற்றோரும் இரு குழந்தைகளும் ஒரு கேபின் என்பதே சரியான பங்கீடு.

மூன்று நான்கு பேர் தங்கும் கேபின்கள் சீக்கிரம் மறைவதற்குக் கேபின் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பாதுகாப்புக் கூடுமிடமும் உயிர்காப்புப் படகுகளும் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்த அளவு நிரம்பியதும், படுக்கை காலியாக இருந்தாலும் அந்தப் பகுதியில் கூடுதல் ஆளைச் சேர்க்க மாட்டார்கள். "பிறகு சின்னவனைச் சேர்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால் சேர்க்க முடியாமலே போகலாம். வருகிற எல்லாரையும் முதல் பதிவிலேயே சேருங்கள்.

"கேபின் எண்ணை நாங்களே ஒதுக்குவோம்" என்ற மலிவு விலைத் திட்டம் ஒன்று இருக்கும். தனியாகப் போகிறவர்களுக்கு அது நல்ல சேமிப்பு. குடும்பத்துக்கு வேண்டாம். 300 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலில் பாட்டி முன்கோடியில் ஆறாவது தளத்திலும், மகள் பின்கோடியில் பதினோராவது தளத்திலும் தங்க நேர்ந்தால் இரவில் யார் ஓடுவது? கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். கப்பலின் தள வரைபடத்தை எடுத்து வைத்து இவற்றைப் பாருங்கள்:

கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளங்கள் ஆகியவற்றில் ஆட்டம் குறைவு. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அங்கே எடுங்கள்.

முதியவர்களின் கேபின் லிஃப்டுக்கு அருகில் இருக்கட்டும். நேர் எதிரே வேண்டாம், சத்தம் இருக்கும்.

மேல் தளமும் கீழ்த் தளமும் கேபின்களாகவே இருக்கும் இடம் நல்லது. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் ஓசை கேட்கும்.

பக்கத்துப் பக்கத்துக் கேபின் என்பதும், நடுவே கதவு உள்ள இணைப்புக் கேபின் என்பதும் வெவ்வேறு. இரண்டு கேபின்களில் பிள்ளைகளைப் பிரித்துப் படுக்கவைக்கும் குடும்பம் இணைப்புக் கேபின் வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும்.

சக்கர நாற்காலிக்காரர் கேபினுக்குள்ளும் நாற்காலியிலேயே நகர்கிறவர் என்றால், அகலக் கதவும் குளியலறைக் கைப்பிடியும் உள்ள தனி வகைக் கேபின் உண்டு. எண்ணிக்கை மிகக் குறைவு. முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு மற்றவர்களின் கேபினை அதைச் சுற்றி அமையுங்கள்.

எல்லாப் பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். இணைத்தால்தான் இரவு உணவில் அடுத்தடுத்த மேசைகள் கிடைக்கும். பல நிறுவனங்களில் எட்டுக் கேபின்களோ அதற்கு மேலோ எடுத்தால் குழுச் சலுகை உண்டு. ஏழில் நிற்கும் குடும்பம் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

4. பணம்: விளம்பரத்தில் உள்ளது பாதிக் கதை

விளம்பரத்தில் தெரியும் தொகை, ஒரு கேபினில் இருவர் தங்கும்போது ஓர் ஆளுக்கு ஆகும் அடிப்படைக் கட்டணம். தனியாக ஒருவர் ஒரு கேபின் எடுத்தால் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதன்மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் சேரும். இவை கைக்குழந்தைக்கும் உண்டு.

பிறகு டிப்ஸ். இது விருப்பம்போல் கொடுப்பதாக நினைத்துவிட வேண்டாம். நாளொன்றுக்கு ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானாகவே ஏறும். 14 பேர், 4 இரவுகள், ஆளுக்கு நாளொன்றுக்கு 18 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொண்டால் 1,008 டாலர். குடும்பமாகப் போகும்போது இது ஒரு விமான டிக்கெட்டைவிடப் பெரிய தொகை. சில நிறுவனங்களில் முன்பே கட்டிவிடலாம்; கட்டிவிடுங்கள், கடைசி நாளில் அதிர்ச்சி இருக்காது.

கட்டணத்தில் அடங்குவன: கேபின், பொது உணவுக் கூடங்களில் மூன்று வேளைச் சாப்பாடு, தண்ணீர், சாதாரண டீ, காப்பி, நீச்சல்குளம், பெரும்பாலான நிகழ்ச்சிகள், பிள்ளைகளுக்கான விளையாட்டுக் கூடம். அடங்காதன: பாட்டில் குளிர்பானம், மது, சிறப்பு உணவகங்கள், இணையம், கரைச் சுற்றுலா, மருத்துவம், படம் எடுப்பவர்கள் விற்கும் படங்கள். மதுத் தொகுப்பை ஒருவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் வாங்க வேண்டும் என்ற விதி பல கப்பல்களில் உண்டு. குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்ட நேரும், கவனியுங்கள்.

கப்பலில் ரொக்கம் செல்லாது. ஒவ்வொருவருக்கும் தரப்படும் அட்டைதான் சாவியும் பணப்பையும். பின்னணியில் உங்கள் கிரெடிட் கார்டு இருக்கும். இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கப்பட்டிருப்பது வழக்கம். புறப்படும் முன் வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிடுங்கள். டெபிட் கார்டு கொடுக்க வேண்டாம். செலவழிக்கும் தொகைக்கு மேலாகக் கொஞ்சம் நிறுத்திவைப்பார்கள், அது விடுபடப் பல நாள் ஆகும். பிள்ளைகளின் அட்டையில் செலவை முடக்கவோ வரம்பு வைக்கவோ வரவேற்பு மேசையில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். விளையாட்டு இயந்திரங்கள் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் போகும் முன் இதை முடித்துவிடுங்கள்.

இப்போது குடும்பக் கணக்கு. ஒருவரே எல்லாருக்கும் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நம் வீடுகளில் இயல்பு. இதில் வேண்டாம் என்பேன். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக இந்திய முகவரிடம் வாங்கும்போது டிசிஎஸ் என்ற வரியைப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் யாருடைய பான் எண்ணில் பணம் கட்டப்பட்டதோ அவர் கணக்கில்தான் அது சேரும். எல்லாருக்கும் ஒருவர் கட்டினால் அவருடைய கைப்பணம் மாதக்கணக்கில் முடங்கும். பெரிய தொகைக்கு வருமான வரித்துறையிடம் விளக்கம் சொல்லவும் நேரலாம். விகிதம் அடிக்கடி மாறியிருப்பதால் விலைக் குறிப்பிலேயே டிசிஎஸ், ஜிஎஸ்டி இரண்டையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கேபினுக்குத் தாங்களே கட்டட்டும். தாத்தா பாட்டியின் செலவை மட்டும் பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளலாம். பணப் பேச்சு பயணத்துக்கு முன்பே முடிந்துவிட்டால் கப்பலில் சிரித்த முகத்தோடு இருக்கலாம்.

5. விசாவும் வருகை அட்டைகளும்

சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசா தேவை. விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், நிராகரித்தாலும் திரும்பாது. முகவர் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாகச் சேர்ப்பார். 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், பாஸ்போர்ட் நகல், விமான டிக்கெட், கப்பல் பதிவுச் சீட்டு, தங்குமிடப் பதிவு ஆகியவற்றைக் கேட்பார்கள். பழைய புகைப்படம் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். எல்லாரையும் ஒரே நாளில் ஒரே ஸ்டூடியோவுக்கு அனுப்பிவிடுங்கள். சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தர வசிப்பிட உரிமையோ உள்ள உறவினர் இருந்தால் அவரே சிங்பாஸ் என்ற தம் அரசு இணைய அடையாளக் கணக்கு மூலம் இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

விசா வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை முறை நுழையலாம் என்பதை. கப்பலில் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள். இறங்கும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா இதற்குப் போதாது. பலமுறை நுழைவு என்று அச்சிட்டிருக்கிறதா என ஒவ்வொருவர் விசாவையும் தனித்தனியே பாருங்கள்.

சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு என்ற மின்னணு வருகை அட்டை உண்டு. வருகை நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். விமானத்தில் வந்து இறங்கும்போது ஒரு முறை, கப்பலில் திரும்பி வரும்போது இன்னொரு முறை. இரண்டாவதைப் பலரும் மறக்கிறார்கள். கடலில் தனியாகக் காசு கட்டாமல் இணையமும் கிடைக்காது. கடைசித் துறைமுகத்தில் கரையில் இருக்கும்போது நிரப்பிவிடுங்கள். இது முழுக்க இலவசம். குடிநுழைவுத் துறையான ஐசிஏவின் சொந்தத் தளத்திலோ மைஐசிஏ செயலியிலோ மட்டும் செய்யுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் பணம் பறிப்பவை.

மலேசியாவும் தாய்லாந்தும் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்து வந்திருக்கின்றன. ஆனால் அவை மாறக்கூடிய சலுகைகள். இரண்டு நாடுகளுக்கும் மின்னணு வருகை அட்டை இருக்கிறது. தாய்லாந்தில் இது 2025 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கப்பலுக்கு எந்த அட்டை பொருந்தும், யார் நிரப்புவது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். "நாங்கள் அந்த ஊரில் இறங்கப் போவதில்லை" என்பது பதிலாகாது. அங்கே விசா தேவைப்பட்டால், இறங்காதவருக்கும் அது இல்லாமல் ஏற்ற மறுக்கலாம்.

6. காப்பீடும் மருந்தும்

கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் டாலரில். ஊரில் உள்ள மருத்துவக் காப்பீட்டை அங்கே காட்டிப் பயனில்லை. கப்பல் பயணத்துக்கும் அவசர வெளியேற்றத்துக்கும் பொருந்தும் பயணக் காப்பீட்டை ஒவ்வொருவருக்கும் எடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதயச் சிகிச்சை எதையும் மறைக்காமல் அறிவியுங்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனித் திட்டம் தேவைப்படும், அதற்கு நேரமும் ஆகும். முன்பணம் கட்டிய வாரத்திலேயே காப்பீட்டை எடுத்தால், இடையில் நோயால் பயணம் நின்றாலும் ஈடு கேட்க வழி இருக்கும்.

மருந்துகளை அவற்றின் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். நாலைந்து நாளுக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவைப்படலாம். அப்படி ஏதாவது சாப்பிடுகிறவர் இருந்தால் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

துறைமுகத்தில் கொடுக்கும் சக்கர நாற்காலி ஏறவும் இறங்கவும் மட்டுமே. பயணம் முழுவதும் வேண்டுமென்றால் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். நன்றாக நடக்கும் முதியவருக்கும் கப்பலின் நீளம் அலுப்புத் தரும்.

7. சாப்பாடு

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் இந்தியப் பயணிகள் நிறைய. சைவ உணவும் சோறும் பருப்பும் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் வடஇந்தியச் சுவையில். சுத்த சைவம், வெங்காயம் பூண்டு இல்லாதது, ஒவ்வாமை எதுவானாலும் புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே எழுதித் தெரிவியுங்கள். முதல் நாள் இரவே உணவுக் கூடத் தலைமைப் பணியாளரைப் பார்த்து "எங்கள் மேசையில் இத்தனை பேர் சைவம்" என்று சொல்லிவிட்டால், மறுநாள் முதல் அவரே விசாரிப்பார். இரவு உணவுக்கு முதல் நேரப் பந்தியை எடுங்கள். சிறுவர்களுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அதுவே ஏற்றது.

வீட்டில் சமைத்ததைக் கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். தொழிற்சாலையில் அடைத்து மூடிய தின்பண்டங்கள் சாதாரணமாகப் பிரச்சினை ஆவதில்லை. குழந்தைகளின் உணவுக்கு விலக்கு உண்டு.

8. பெட்டியில் வைப்பதும் வைக்கக் கூடாததும்

தீப்பிடிக்கும் வாய்ப்புள்ள எதையும் ஏற்ற மாட்டார்கள். இஸ்திரிப் பெட்டி, மின் கெட்டில், சிறு ரைஸ் குக்கர், ஊதுவத்தி, கற்பூரம், மெழுகுவத்தி எல்லாம் பரிசோதனையில் எடுத்து வைக்கப்படும். காலையில் விளக்கேற்றிக் கும்பிடும் பழக்கம் உள்ள பாட்டிக்கு ஒரு சிறிய சாமி படம் போதும் என்று முன்பே சொல்லி மனத்தைத் தயார் செய்யுங்கள். சிங்கப்பூருக்குள் சூயிங் கம், மெல்லும் புகையிலை, மின் சிகரெட் கொண்டுபோகக் கூடாது. சிகரெட்டுக்கு வரிவிலக்கு கிடையாது, ஒரு பாக்கெட்டானாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: கழிவறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது, ஆகவே கேபினுக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் கோப்பை, குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஆளுக்கு ஒரு சால்வை அல்லது ஸ்வெட்டர், நீச்சல் உடை, ஏனெனில் பருத்தித் துணியோடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள், ஈரத்தில் வழுக்காத செருப்பு. டயப்பர் போடும் குழந்தைகளைப் பொதுக் குளத்தில் பல கப்பல்கள் அனுமதிப்பதில்லை. கப்பலில் உள்ள மின் செருகிகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வகை. சிங்கப்பூர் விடுதியில் வேறு வகை. இரண்டுக்குமான அடாப்டர் கேபினுக்கு ஒன்று.

9. ஏறும் நாள்

ஒரு நாள் முன்னதாகவே சிங்கப்பூர் போய்ச் சேருங்கள். அன்று காலை விமானத்தில் இறங்கி மதியம் கப்பல் ஏறுவது நான்கு பேருக்கே ஆபத்து. பதினைந்து பேரில் ஒருவருடைய பெட்டி தவறினாலும் எல்லாரும் நிற்க வேண்டும். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சுமார் நான்கு மணி நேர நேரடி விமானங்கள் உண்டு. மலிவு விமானங்களின் அடிப்படை டிக்கெட்டில் பெட்டி சேராது என்பதைப் பார்த்து வாங்குங்கள். தேக்கா பக்கம், அதாவது சிராங்கூன் சாலை வட்டாரத்தில் தங்கினால் சாப்பாட்டுக் கவலை இல்லை.

சிங்கப்பூரில் கப்பல் நிலையங்கள் இரண்டு. மரீனா சவுத் பகுதியில் உள்ள மரீனா பே குரூஸ் சென்டரில் பெரிய கப்பல்கள் நிற்கும். மரீனா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். ஹார்பர்ஃபிரண்டில் உள்ளது வேறு. ஓட்டுநரிடம் "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொல்லாமல் முழுப் பெயரைச் சொல்லுங்கள். பெட்டிகளோடும் முதியவர்களோடும் போகும்போது மேக்ஸி கேப் எனப்படும் பெரிய வண்டியை முன்பதிவு செய்வது பலருக்கும் கட்டுப்படியாகும்.

இணையத்தில் பதிவை முடித்து, எல்லாக் கேபின்களுக்கும் ஒரே வருகை நேரத்தை எடுங்கள். பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வர மாலையாகும். மருந்து, பாஸ்போர்ட், குழந்தைக்கு மாற்றுடை, நீச்சல் உடை எல்லாம் கையில் இருக்கட்டும். புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்பு ஒத்திகை கட்டாயம். தாத்தாவை ஓய்வெடுக்க விட்டுவிட்டு மற்றவர்கள் போவது முடியாது.

10. கடலிலும் கரையிலும்

கப்பல் நகர்ந்ததும் எல்லாரும் கைப்பேசியை விமான நிலைக்கு (ஏர்பிளேன் மோட்) மாற்றுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலையில் ரோமிங் ஒட்டிக்கொண்டால் பில் பயங்கரமாக வரும். கப்பலில் இணையம் வாங்காதவர்களுக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழு வேலை செய்யாது. ஆகவே காலை எட்டு மணி, மாலை ஆறு மணி, குறிப்பிட்ட தளத்தில் குறிப்பிட்ட இடம் என்று கூடும் நேரத்தை முன்பே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் கேபின் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். அட்டையில் அந்த எண் அச்சிட்டிருக்காது. எல்லாரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். இரவுச் சாப்பாடு மட்டும் சேர்ந்து, மற்ற நேரம் அவரவர் விருப்பம் என்று விட்டதில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் அதிகம் மகிழ்ந்தார்கள்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கும். விலையுயர்ந்த சுற்றுலா வாங்காமலே, அங்கிருந்து நடந்தோ சிறு வண்டியிலோ லிட்டில் இந்தியா போகலாம். குயின் தெருவில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் அங்கேயே. முதியவர்களுக்கு இதைவிட எளிதான கரை நாள் கிடைக்காது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். கால்வலி உள்ளவர்களை அழைத்துப் போக வேண்டாம்.

புக்கெட்டில் இரண்டு எச்சரிக்கை. சிறு படகில் ஏறும்போது அலையில் படகு ஏறி இறங்கும். தடுமாறும் முதியவர் கப்பலிலேயே இருப்பது நல்லது, அன்று குளமும் உணவுக் கூடமும் காலியாக இருக்கும். அடுத்தது நேரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கைப்பேசி தானாக மாறிவிடும். கப்பல் கடிகாரம் மாறாமல் இருக்கலாம். கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொண்டு, கடைசிப் படகுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே திரும்புங்கள். சொந்தமாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

11. இறங்கும் நாள்

முந்தைய இரவு பதினொரு மணிவாக்கில் பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடுத்தும் துணி, மருந்து, பாஸ்போர்ட் ஆகியவற்றை எடுத்து வைத்த பிறகே பெட்டியை மூடுங்கள். ஒவ்வொரு கேபினுக்கும் ஒருவர் போய்ச் சரிபார்க்கட்டும். சில பயணங்களில் பாஸ்போர்ட்டுகளை ஏறும்போதே வாங்கி வைத்துக் கடைசி நாளில் திருப்பித் தருவார்கள். அப்படியானால் எப்போது, எங்கே தருகிறார்கள் என்ற அறிவிப்பைக் கவனியுங்கள்.

அன்றிரவே கணக்கைக் கேபின் தொலைக்காட்சியிலோ செயலியிலோ பார்த்து, தெரியாத செலவு இருந்தால் வரவேற்பு மேசைக்குப் போங்கள். காலையில் அங்கே நீண்ட வரிசை நிற்கும். கப்பல் காலை ஏழு மணிக்குக் கரை சேர்ந்தாலும் எல்லாரும் குடிநுழைவைக் கடந்து வெளியே வரப் பத்து, பதினொன்று ஆகலாம். திரும்பும் விமானம் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு இருக்கட்டும். ஊர் திரும்பியதும் முகவரிடம் ஒவ்வொரு வீட்டாருக்கும் தனித்தனி டிசிஎஸ் சான்றிதழ் கேட்டு வாங்கி, வருமான வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் அந்த ஆண்டிலேயே கொடுத்துவிடுங்கள்.